தோட்டப்புறத்தில் தோத்திரம்

பேரரசுகளின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காத்து வைத்திருக்கின்றன. கூலி வேலைக்காகக் கடல் கடந்த எளிய மக்களுக்கு அத்தகைய சான்றுகள் இல்லை. அவர்களுடைய வரலாற்றைத் தேடுவோர், அவர்கள் நாள்தோறும் வழங்கிய சொற்களிலும் பாடிய பாட்டுகளிலும்தான் தேடியாக வேண்டும். அத்தகைய சொற்களுள் ஒன்று ‘தோத்திரம்’.

தமிழ்க் கிறித்தவர் இருவர் சந்திக்கும்போது ‘வணக்கம்’ என்பதற்கு ஈடாக ‘ஸ்தோத்திரம்’ என்று கூறிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். போதகர் வீட்டு வாசலை மிதித்தால் அச்சொல்லே முதலில் எழும். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் குருவானவரைக் கண்டவுடன் ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம்’ என்று கைகூப்புவார்கள். ஒருவரை ஒருவர் வாழ்த்த வேண்டிய இடத்தில், இருவரும் சேர்ந்து இறைவனைப் போற்றிவிடுகின்றனர். வழிபாடு கோயிலுக்குள் மட்டும் நிகழ்வதன்று, வாசற்படியிலும் நிகழ்வது என்னும் கருத்து இவ்வொரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் நகரிலிருந்து இரயில் பாதை தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது சுங்கை காடுட். இன்று அங்கே துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் பரந்து கிடக்கின்றன. சிரம்பானைச் சுற்றியிருந்த இந்த வட்டாரம் ஒரு காலத்தில் இரப்பர் தோட்டங்களின் நிலம். அத்தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழருள் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனீசுவரரையும் வழிபட்டவர்கள். அவர்களுக்கு நடுவே கிறித்தவக் குடும்பங்களும் சிறு எண்ணிக்கையில் வாழ்ந்தன. பெரிய ஆலயமும் நிலையான போதகரும் இல்லாத நிலையில் அச்சிறுபான்மையினர் தம் வழிபாட்டை எவ்வாறு காத்துக்கொண்டனர்? மனப்பாடமாக எடுத்து வந்த தமிழ்ப் பாட்டால் காத்துக்கொண்டனர் என்பதே வரலாறு தரும் விடை.

சொல்லின் வேர்

‘தோத்திரம்’ கிறித்தவர்களுக்கு மட்டும் உரிய சொல்லன்று. போற்றுதல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த இதனைச் சைவ உலகம் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. பன்னிரு திருமுறைகளைத் தோத்திரம் என்றும், மெய்கண்ட நூல்கள் பதினான்கினைச் சாத்திரம் என்றும் பகுப்பது சைவ மரபு. கடவுளைப் பற்றி ஆராய்வது சாத்திரம். கடவுளை நோக்கிப் பாடுவது தோத்திரம். தமிழகத்தில் கிறித்தவம் வேரூன்றியபோது, ஏற்கெனவே பண்பட்டிருந்த இச்சொல்லை அது தனதாக்கிக்கொண்டது.

கிறித்தவ வழக்கில் துதி, நன்றி, ஆராதனை என்னும் மூன்று சொற்களும் ஒன்றாகவே ஒலித்தாலும் அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. இறைவன் செய்த உதவியை நினைத்துக் கூறுவது நன்றி. அவனுடைய பண்புகளை எடுத்துப் போற்றுவது துதி. கேட்பதற்கும் சொல்வதற்கும் எதுவுமின்றி, அவன் இறைவன் என்பதனாலேயே அவன் முன் தலைதாழ்த்துவது ஆராதனை. நன்றி கூற நன்மை ஒன்று கிடைத்திருக்க வேண்டும். துதிக்கும் ஆராதனைக்கும் அத்தகைய நிபந்தனை இல்லை. ஆகவேதான் கூலி குறைந்த நாளிலும், மழை பெய்து வெட்டு நின்ற நாளிலும், குழந்தை காய்ச்சலில் கிடந்த இரவிலும் அவை இயலக்கூடியவையாக இருந்தன. பிலிப்பி நகரச் சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த நிலையில், பவுலும் சீலாவும் நள்ளிரவில் இறைவனைப் பாடினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுவதும் இதே கருத்தைத்தான்.

தரங்கம்பாடியிலிருந்து தஞ்சைக்கு

பொதுமக்கள் தம் தாய்மொழியில் பாடி வழிபட வேண்டும் என்பது ஐரோப்பாவில் மார்ட்டின் லூதர் வலியுறுத்திய கொள்கை. 1524ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் முதல் பாட்டுப் புத்தகங்கள் அச்சாயின. அந்த மரபில் வளர்ந்த சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு டேனிய அரசரின் ஆதரவோடு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழைக் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்ட அவரும் அவருடைய தோழர்களும் ஜெர்மன் பாட்டுகளையும் தமிழாக்கினர். சொற்கள் தமிழாயின, மெட்டுகளோ ஜெர்மன் மெட்டுகளாகவே நின்றன. ‘ஞானப்பாட்டுகள்’ எனப் பெயர் பெற்ற இவை லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

தமிழரின் செவி பழகிய இசையோ வேறு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் முத்துத்தாண்டவரும், அவருக்குப்பின் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் வளர்த்த கீர்த்தனை வடிவம் 18ஆம் நூற்றாண்டில் சோழநாடெங்கும் பரவியிருந்தது. அவ்வடிவத்தைக் கிறித்தவ வழிபாட்டிற்கு நிலைபெறச் செய்த பெருமை தஞ்சை வேதநாயகம் சாத்திரியாரைச் சாரும்.

1774ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் பிறந்த வேதநாயகத்தை, சிறுவயதிலேயே சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் அதே சுவார்ட்சு ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். தரங்கம்பாடியில் இறையியலோடு வானநூலும் நிலநூலும் கற்ற வேதநாயகம், தஞ்சை மிஷன் பள்ளியின் ஆசிரியரானார். 1800இல் அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ தமிழ் மாணவர் அறிய வேண்டிய நூல். உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வதும், குறத்தி வந்து குறி கூறுவதும் குறவஞ்சியின் இலக்கணம். சாத்திரியார் அந்த இலக்கணத்தைக் கைவிடாமலேயே, தேவமோகினி என்னும் தலைவியைத் திருச்சபையின் உருவமாகவும் தலைவனை இயேசுவாகவும் அமைத்தார். புதிய வானநூற் செய்திகளையும் நாடுகளின் பெயர்களையும் அதற்குள் இணைத்தார். தியாகராசர் திருவையாற்றில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அடுத்திருந்த தஞ்சையில் கிறித்தவக் கீர்த்தனைகள் பிறந்துகொண்டிருந்தன என்பது நோக்கத்தக்கது.

அவருடைய பாட்டுகள் எளிதில் ஏற்கப்பட்டுவிடவில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் சிலர், தமிழ்ப் பாட்டும் இசையும் கிறித்தவ வழிபாட்டிற்குத் தகுந்தவையல்ல என்று கருதினர். தமிழிசையைத் தடுப்பது அநீதி எனச் சாத்திரியார் எழுத்தில் முறையிட்டார். காலம் அவருடைய பக்கமே நின்றது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் சாத்திரியாரின் பாடல்கள் முதன்மை இடம் பெற்றன. 1864இல் சாத்திரியார் மறைந்தபோது, அவருடைய பாட்டுகள் தென் தமிழகச் சபைகளின் பொதுச்சொத்தாகிக்கொண்டிருந்தன.

கீர்த்தனை வடிவத்தில் ஒரு நடைமுறை நன்மையும் உண்டு. எழுத்தறிந்த ஒருவர் சரணத்தைப் பாடினால், எழுத்தறியாத ஐம்பது பேர் பல்லவியைத் திருப்பிப் பாடலாம். நான்கைந்து முறை கேட்டால் சரணமும் மனத்தில் பதிந்துவிடும். இசைக்கருவி இருந்தால் நன்று. இல்லையெனில் கைத்தாளம் போதும். பின்னாளில் தோட்டப்புறத்திற்கு இவ்வடிவம் அத்தனை பொருத்தமாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

கடல் கடந்த பாட்டு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் காப்பி விலை வீழ்ந்து இரப்பர் எழுந்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பரை வணிகப் பயிராகப் பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானிலும் தோட்டங்கள் பெருகின. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இலேயே திறக்கப்பட்டிருந்தமையால் விளைபொருளைத் துறைமுகம் சேர்ப்பது எளிதாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணி முறையின் கீழ் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்காமிலும் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர்.

அவர்களுள் தஞ்சை, திருச்சி, நெல்லை, ஆர்க்காட்டுப் பகுதிகளின் கிறித்தவரும் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறித்தவர்கள் வேறு வகையினர். 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற அவர்கள், இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும், தோட்டங்களில் கிராணிமார்களாகவும் அமர்ந்தனர். இருசாராரும் ஒரே கீர்த்தனையைப் பாடினர் எனினும் ஒருசாரார் பங்களாவிலும் மறுசாரார் லயத்திலும் வாழ்ந்தனர்.

திருச்சபைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, பாரிசு அயல்நாட்டு மிஷன் குருமார்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழரிடையே பணி தொடங்கியிருந்தனர். பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் 1880களில் ஃபே அடிகளார் நிறுவிய தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் அதற்குச் சான்று. மெதடிஸ்து மிஷன் 1885இல் சிங்கப்பூரில் கால்கொண்டு, விரைவிலேயே தமிழரிடையேயும் பணி தொடங்கி, பின்னர் மலாயாவுக்குப் பரவியது. லுத்தரன் சபையின் மலாயாப் பணி 1907இல் தொடங்கியது; அச்சபையினர் 1924இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் சீயோன் ஆலயத்தை எழுப்பினர். சிரம்பான் நகரிலும் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்துகள் ஆகியோரின் ஆலயங்கள் எழுந்தன.

ஆயினும் ஆலயம் நகரத்தில் இருந்தது. மக்கள் தோட்டத்தில் இருந்தனர். இடையே இருந்தது செம்மண் சாலை. ஒரு போதகரோ குருவானவரோ பல தோட்டங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை வந்து சென்றவர் மீண்டும் வருவதற்குள் வாரங்களும் மாதங்களும் கழிந்தன. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சம்பளமில்லாத பொதுமக்கள். சீர்திருத்த சபையார் உபதேசியார் என்றும், கத்தோலிக்கர் வேதியர் என்றும் அழைத்த வழிநடத்துநர்கள் சில இடங்களில் இருந்தனர். அவர்களும் இல்லாத இடங்களில் பாட்டறிந்த ஒரு தாயோ, வேதம் வாசிக்கத் தெரிந்த ஒரு தண்டலோ சபையின் தூணாக நின்றனர்.

வேலைநாளும் வழிபாடும்

தோட்டத்து நாள் விடியலுக்கு முன்னரே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே இருளிலேயே எழுந்து பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்க வேண்டும். வெட்டி முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது பொழுது உச்சி கடந்திருக்கும். மாதக்கூலி பெயர்ப்பதிவைச் சார்ந்தது. கள்ளுக்கடை அருகிலேயே இருந்தது. இத்தகைய நாளில் வழிபாட்டிற்கு எங்கே இடம்?

நாளின் இரு முனைகளிலும் இடம் கண்டனர். எழுந்தவுடன் ஒரு சிறு செபம். மாலையில் விளக்கேற்றிய பின் குடும்ப வழிபாடு. பாய் விரித்து அனைவரும் அமர்ந்து ஒரு கீர்த்தனை பாடி, ஒரு சங்கீதம் ஓதி, மூத்தவர் செபிக்க, பரமண்டல செபத்தோடு முடிப்பது சீர்திருத்த சபைக் குடும்பங்களின் முறை. தாவீதின் பாட்டுகளுக்குத் தமிழ் விவிலியம் ‘சங்கீதம்’ என்றே பெயரிட்டிருப்பதால், ஓதுவதும் பாடுவதும் பிள்ளைகளின் மனத்தில் ஒன்றாகவே பதிந்தன.

கத்தோலிக்கக் குடும்பங்களில் மூவேளைச் செபமும் செபமாலையும் நாளை ஒழுங்குபடுத்தின. இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டிற்கு வழிவிடும் வரை திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நிகழ்ந்தது. பீடத்தில் இலத்தீன் ஒலித்த காலமெல்லாம், இறைவனைத் தமிழில் போற்றிய இடம் வீடுதான். செபமாலையின் முடிவில் வரும் பிரார்த்தனையை ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி கூறும் ஓசை லயத்தின் மெல்லிய பலகைச் சுவர்களைக் கடந்து அடுத்த வீட்டிற்கும் கேட்டது. அடுத்த வீடு சைவக் குடும்பமாக இருந்தால் அவ்வீட்டுப் பிள்ளைகளும் அந்த ஓசையை அறிந்தே வளர்ந்தனர். மாரியம்மன் திருவிழாவின் உறுமியோசையைக் கிறித்தவப் பிள்ளைகள் அறிந்து வளர்ந்ததும் அவ்வாறே.

உடலுழைப்பும் இறைபுகழும் ஒன்றாக நடக்கவியலுமா என்ற கேள்வியைக் கிறித்தவ உலகம் வேறிடத்திலும் சந்தித்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பாரிசு மாநகரின் கார்மேல் மடமொன்றில் லாரன்சு என்னும் துறவறச் சகோதரர் வாழ்ந்தார். படைவீரராக இருந்து காயமுற்றவர்; கல்வி குறைந்தவர். மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்த அவர், வேலையின் இரைச்சலுக்கு நடுவிலும் செபநேரத்தில் இருப்பதுபோலவே இறைவனோடு இருக்கக் கற்றுக்கொண்டார். 1691இல் அவர் இறந்தபின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டு உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. லாரன்சுக்கு ஒரு மடம் இருந்தது. மணி அடித்தால் உணவு இருந்தது. தோட்டத்துத் தாய்க்கு அவை இல்லை. நிரையில் வாய்க்குள் பல்லவியை முணுமுணுத்தபடி மரத்துக்கு மரம் நடந்தவரின் கடிதங்களை யாரும் தொகுக்கவில்லை. ஆயினும் இருவரும் கண்ட உண்மை ஒன்றே: வழிபாட்டிற்கென வேலையை நிறுத்த இயலாதவர், வேலையையே வழிபாட்டிற்குள் கொண்டுவந்துவிடலாம்.

பாட்டும் சாதியும்

வரலாற்றைப் போற்றுவோர் அதன் கறைகளையும் காட்ட வேண்டும். சமபந்தியாக உட்கார்ந்து பாடிய பாட்டுகளை இயற்றிய சாத்திரியார் சாதி வேறுபாட்டை எதிர்த்தவர் அல்லர். ஆலயத்தில் வேளாளக் கிறித்தவரும் தாழ்த்தப்பட்டோரும் தனித்தனியே அமர்வதையும், திருவிருந்தை வரிசை பிரித்துப் பெறுவதையும் நீக்க மிஷனரிகள் முயன்றபோது அவர் கடுமையாக எதிர்த்தார். 1829இல் இப்பொருள் குறித்து அவர் எழுதிய நூலுக்குச் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்று பெயரிட்டார். தமிழிசையைக் காக்க எழுந்த அதே எழுதுகோல் சாதி வழக்கத்தைக் காக்கவும் எழுந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதிக்கு இடமில்லை என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளவுற்றன.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த கிறித்தவருள் கணிசமானோர், அந்நாளில் ஆலயத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். தம் முன்னோரைத் தம்மோடு சேர்த்து உட்கார வைக்க மறுத்த புலவரின் பாட்டையே அவர்கள் தம் வீட்டில் பாடினர். இதனை அடிமைப் புத்தி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பாட்டு பாடுவோருக்கே சொந்தமாகிறது. இறைவன் முன் அனைவரும் ஒன்று என்று பாடிய புலவரே அதன் முழுப்பொருளை ஏற்கவில்லை. பாடிய மக்கள் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் கடலைக் கடந்தவுடன் சாதி கரைந்துவிட்டது என்று கூறுவதும் பொய்யாகும். சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. திருமணப் பேச்சு எழுந்தபோது கிறித்தவர் வீட்டிலும் பழைய கேள்வி எழுந்தது. தோத்திரம் சொன்ன வாய் சாதியையும் கேட்டது. இறைவனைப் போற்றுதல் அன்றாட வாழ்வில் மெய்யாகிறதா என்பதற்கு இதைவிடக் கடுமையான உரைகல் வேறில்லை.

போர்க்காலம்

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆட்சி தோட்டப்புற வாழ்வை உலுக்கியது. இரப்பர் ஏற்றுமதி நின்றது, அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் நோயாலும் பசியாலும் மாண்டனர். ஆங்கிலேய, அமெரிக்க ஊழியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர் அல்லது சிறைவைக்கப்பட்டனர். வழிபாட்டின் பொறுப்பு முழுவதும் உள்ளூர் மக்களின் கைக்கு வந்தது.

அந்த ஆண்டுகளில் நன்றி கூறுவதற்குரிய நன்மை எதுவும் கண்முன் இல்லை. முன்னர்க் கூறிய வேறுபாடு இங்கேதான் உயிர் பெறுகிறது. நன்றிக்கு வழியில்லாத காலத்திலும் துதிக்கு வழி இருந்தது. புத்தகம் இல்லாதபோதும் மனத்திலிருந்த பாட்டு இருந்தது. ஊழியர் இல்லாமலேயே பல ஆண்டுகள் பழகிய வீடுகளுக்கு ஊழியர் இல்லாத காலம் புதியதாகவும் இல்லை. வெளியாரை நம்பி நின்ற அமைப்பு அசைந்தபோது, வீட்டை நம்பி நின்ற வழிபாடு நிலைத்தது.

லயம் கலைந்த பின்

விடுதலைக்குப் பின்னர் மாற்றங்கள் விரைந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பின்னர்த் தொழிற்சாலைகளும் வீடுகளும் வந்தன. லயங்களில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் நகரங்களுக்கும் பிரிந்து சென்றன. சுங்கை காடுட் வட்டாரமும் இம்மாற்றத்திற்கு விலக்கன்று. பால்வாளி தூக்கிய கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்பேட்டையின் முறைவேலைக்குச் செல்கின்றனர். 2011இல் கம்யூட்டர் இரயில் சேவை சுங்கை காடுட் வரை நீண்டது.

திருச்சபைகளும் தம் காலில் நின்றன. 1968இல் மெதடிஸ்து திருச்சபை தன்னாட்சி பெற்றபோது தமிழருக்கெனத் தனி ஆண்டு மாநாடு அமைந்தது. தோட்டத்தில் போதகரை எதிர்நோக்கி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது ஞாயிறுதோறும் ஆலயம் உண்டு. ஒலிபெருக்கியும் மின்னிசைக் கருவிகளும் உண்டு. ‘துதி ஆராதனை’ என்னும் தொடரும் புதுப்பொருள் பெற்றுள்ளது. ஞாயிறு வழிபாட்டின் தொடக்கத்தில் இசைக்குழு நடத்தும் பாட்டுப் பகுதியையே இன்று பலர் அப்பெயரால் குறிக்கின்றனர். அப்பகுதியின் உருக்கத்தையும் எழுச்சியையும் குறைகூற வேண்டியதில்லை. எனினும் நாள் முழுவதற்கும் உரியதாக இருந்த ஒன்று ஒருமணி நேரத்திற்குள் சுருங்குமானால் அது இழப்பே. தோட்டத்து முன்னோரிடம் ஆலயம் இல்லை. ஆறு நாளும் துதி இருந்தது. ஆலயம் வந்த பின்னர் ஆறு நாளும் வெறுமையானால், கிடைத்தது எது, போனது எது என எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றோர் இழப்பு மொழியைச் சார்ந்தது. அது தமிழாசிரியர்களின் நேரடிக் கவனத்திற்குரியது. தோட்டப்புறக் கிறித்தவப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியும் பாட்டுப் புத்தகமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டு வீட்டில் கீர்த்தனைப் புத்தகம் வாசித்தனர். கீர்த்தனையில் கண்ட சொற்களோடு பள்ளிக்கு வந்தனர். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருந்தமையால், முறையாக இசை பயிலாதோரும் அப்பெயர்களை அறிந்திருந்தனர். இன்றோ சில சபைகளில் தமிழ்ப் பாட்டின் சொற்கள் உரோமன் எழுத்தில் திரையில் தோன்றுகின்றன. வாய் தமிழைப் பாடுகிறது. கண் தமிழை அறியவில்லை. எழுத்தறியாத பாட்டனார் பொருளறிந்து பாடினார். எழுத்தறிந்த பேரன் பொருளறியாமல் பாடுகிறான். இந்நிலை நீடித்தால், கடலையும் போரையும் தாண்டி வந்த பாட்டு, ஒரு தலைமுறையின் எழுத்து மறதியைத் தாண்டாமல் போகக்கூடும்.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. பெத்லகேம் குறவஞ்சியைத் திருக்குற்றாலக் குறவஞ்சியோடு ஒப்பிட்டுக் கற்பிக்கலாம். முத்துத்தாண்டவரையும் சாத்திரியாரையும் ஒரே பாடத்தில் வைத்துக் கீர்த்தனை வடிவத்தை விளக்கலாம். தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் எஞ்சியிருக்கும்போதே, அவர்கள் மனத்திலுள்ள பாட்டுகளையும் அவற்றைப் பாடிய வேளைகளையும் மாணவரைக் கொண்டு எழுதி வாங்கலாம். இப்பணிக்குச் சமய எல்லை இல்லை. மாரியம்மன் தாலாட்டும் கிறித்தவக் கீர்த்தனையும் ஒரே லயத்தின் இரு வீடுகளில் ஒலித்தவை. ஒன்றை எழுதி வைத்து மற்றொன்றை விட்டுவிட்டால் லயத்தின் வரலாறு பாதியாகிவிடும்.

தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, பெரட்டுக் களத்தின் மேல் சாலை போடப்பட்டிருக்கலாம். ஆயினும் சுங்கை காடுட்டின் ஏதேனும் ஒரு வீட்டில், விருந்தினர் வாசலில் நின்றவுடன் உள்ளிருந்து ஒரு முதியவரின் குரல் ‘ஸ்தோத்திரம்’ என்று எழுமானால், தரங்கம்பாடியும் தஞ்சையும் கடந்து வந்த முந்நூறு ஆண்டு வரலாறு இன்னும் முடியவில்லை என்றே பொருள். அக்குரலுக்கு அவ்வீட்டுப் பிள்ளை பொருளறிந்து மறுமொழி கூறுமா என்பதே இனி எழுதப்பட வேண்டிய பகுதி.